புதுத்தண்ணீரும் நூல் புழுவும்: கடலூர், புதுச்சேரி நன்னீரில் புழு ஃப்ளை போட முழுமையான வழிகாட்டி

சாயங்காலக் குழம்புக்கு மீன் வேண்டும் என்பவருக்கு இந்த வழிகாட்டி தேவையில்லை. எருக்குழி ஓரம் மண்ணைக் கிளறி நாலு நாக்குப்பூச்சி எடுத்து, முள்ளில் கோத்து, தக்கை கட்டிப் போடுங்கள். உயிருள்ள புழுவை நூலில் செய்த புழு ஜெயிக்காது. அதிலும் கலங்கிய தண்ணீரில் வாசனை பிடித்து வரும் கெளுத்தியிடம் நூல் புழு எடுபடுவது அபூர்வம்.

பிறகு எதற்கு ஃப்ளை, அதாவது முள்ளில் நூல் கட்டிச் செய்யும் இந்தப் போலி இரை? நிஜப் புழுவை மீன் தொண்டை வரை விழுங்கிவிடும். முள்ளைக் கழற்றுவதற்குள் மீன் செத்துவிடும். நூல் புழுவை அது வாயில் வாங்கி, உணவு இல்லை என்று தெரிந்ததும் துப்பப் பார்க்கும். அந்த நேரத்தில் இழுத்தால் முள் உதட்டில்தான் ஏறும். திரும்ப விட நினைத்தால் உயிரோடு விடலாம். பொடிக் கெண்டைகள் கொத்திக் கொத்தி முள்ளைக் காலி செய்யும் தொல்லையும் கிடையாது. இதற்கெல்லாம் மேலாக, கனமே இல்லாத ஒரு துண்டு நூலை நாற்பதடி தூரத்தில் நினைத்த இடத்தில் இறக்குவது ஒரு தனி வித்தை. அது பிடித்துப்போனால் விடாது.

புழு ஃப்ளை என்பது என்ன

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் நரம்புக்கே கனம். தடித்த, பூச்சு போட்ட அந்த ஃப்ளை லைன்தான் முனையில் உள்ள ஃப்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஃப்ளை என்றதும் பலருக்குத் தண்ணீர் மேல் மிதக்கும் பூச்சி நினைவுக்கு வரும். புழு ஃப்ளை அதற்கு நேர் எதிர்: மூழ்கி, தரையை ஒட்டிப் போக வேண்டியது.

இந்த வகையில் பேர் போனது சான் வான் புழு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சான் வான் ஆற்றின் குறுக்கே நவாஹோ அணை இருக்கிறது. அணைக்குக் கீழே குளிர்ந்து வரும் தண்ணீரில், வண்டல் மண்ணுக்குள் சிவப்பு நீர்ப்புழுக்கள் ஏராளம். தண்ணீரைக் கூடுதலாகத் திறக்கும்போது வண்டல் கலைந்து புழுக்கள் அடித்து வரப்படும். டிரவுட் மீன்கள் அவற்றை வரிசையில் நின்று தின்னும். அதைப் பார்த்துக் கட்டிய ஃப்ளை இது. ஒரு முள், ஒரு துண்டு செனில் நூல் (சுற்றிலும் மென்மயிர் நிற்கும் தடித்த நூல்), அவ்வளவுதான். இறகும் ரோமமும் வைத்து மணிக்கணக்கில் ஃப்ளை கட்டுகிறவர்கள் சிலருக்கு இதைக் கண்டாலே ஆகாது, இதெல்லாம் ஒரு ஃப்ளையா என்பார்கள். மீனுக்கு அந்தக் கவலை இல்லை. பிறகு வந்தது ஸ்க்விர்மி எனப்படும் ரப்பர் மாதிரி துவளும் புழு. அதற்கு எதிர்ப்பு இன்னும் அதிகம்.

நம் பக்கம் டிரவுட் கிடையாது. அதற்கு நீலகிரிக்குத்தான் போக வேண்டும். ஆனால் மதகு உண்டு, வாய்க்கால் உண்டு, வண்டல் வேண்டிய மட்டும் உண்டு. அணைக்குக் கீழே அங்கே நடப்பது இங்கே மதகுக்குக் கீழே நடக்கிறது.

எந்தத் தண்ணீருக்கு எந்தப் புழு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஏரியிலும் வாய்க்காலிலும் மீனுக்குக் கிடைக்கும் புழு இரண்டு வகை. ஒன்று வெளியிலிருந்து வருவது. மழை கொட்டி மண் ஊறியதும் மண்புழுக்கள் மேலே ஏறி வரும். வயலில் சேறடிக்கும்போதும் வெளியே புரளும். டிராக்டர் பின்னால் கொக்குகள் கூட்டமாக நடப்பது அதற்காகத்தான். அந்தப் புழுக்களில் கொஞ்சம் வடிகால் வழியாகத் தண்ணீரோடு வரும். மீனுக்கு அது எதிர்பாராத விருந்து. இன்னொன்று உள்ளேயே குடியிருப்பது. ஏரித் தரையின் கரும்சேற்றில் கொசு மாதிரி இருக்கும் ஒரு கடிக்காத பூச்சியின் இளம்புழுக்கள் ரத்தச் சிவப்பாக நெளியும். பிராணவாயு குறைந்த சேற்றில் பிழைக்க அவற்றின் உடம்பிலும் நம் ரத்தத்தில் இருப்பதுபோல் ஹீமோகுளோபின் இருக்கிறது. அந்தச் சிவப்பு அதனால் வருவது. மீன் தொட்டிக் கடைகளில் தீவனமாக விற்கும் டியூபிஃபெக்ஸ் வேறு இனம், ஆனால் அதுவும் சேற்றில் வாழும் சிவப்புப் புழுதான். இவை வருஷம் முழுக்க இருக்கும். ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர்தான் நீளம்.

ஆகவே புதுத்தண்ணீர் ஓடும்போது பெரிய புழு, தண்ணீர் நிற்கும்போது சின்னப் புழு. மார்ச் மாத வெயிலில் தெளிந்து நிற்கும் குட்டையில் மூன்று அங்குல ரோஸ் நிறப் புழுவைப் போட்டால் மீன் சந்தேகப்படும். அதே புழுவை ஐப்பசி மழையில் மதகு வாயில் போட்டால் யோசிக்காமல் எடுக்கும்.

படி 1: இடமும் காலமும்

நன்னீர் என்பதில் தெளிவாக இருங்கள். கெடிலமும் தென்பெண்ணையும் கடலூரில் கடலைச் சேரும் பகுதியில் அலை ஏற்றத்தில் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறும். உப்பனாறு சொல்லவே வேண்டாம். அங்கே புழு ஃப்ளைக்கு வேலை இல்லை. ஆற்றில் மேலே, தடுப்பணைகளைத் தாண்டிப் போங்கள்.

தண்ணீர் எப்படி வருகிறது என்று தெரிந்தால் எப்போது போக வேண்டும் என்பது தானாகத் தெரியும். பாகூர் ஏரிக்கு சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வருகிறது. வீராணத்துக்குக் கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாறு கொண்டுவருகிறது. மேட்டூர் திறந்து காவிரித் தண்ணீர் கீழணைக்கு வந்து சேர்ந்த பிறகு ஒரு புதுத்தண்ணீர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இன்னொரு புதுத்தண்ணீர். ஏரிக்குள் வாய்க்கால் நுழையும் வாய், மதகைத் தாண்டித் தண்ணீர் சுழன்று அமரும் மடு, வயல் வடிகால் வாய்க்காலில் கலக்கும் முனை ஆகியவைதான் நம் இடங்கள். செம்மண் நிறத்தில் வரும் முதல் வெள்ளத்தில் ஒன்றும் ஆகாது. வேகம் குறைந்து, தண்ணீர் டீ நிறத்துக்கு வரும் நாள்தான் நாள்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பெரும்பாலான ஏரி குளங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரிடம் போய், பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன் என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார். கட்டிய புழுவைக் காட்டுங்கள், சிரித்துக்கொண்டே சரி என்பவர்கள் அதிகம். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், தூண்டிலோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கோயில் குளங்களும் ஆற்றங்கரைப் படித்துறைகளும் அப்படியே. பழகுவதற்கு நல்ல இடம் தெரிந்தவர் யாராவது வைத்திருக்கும் மீன் குட்டைதான். கரை சுத்தமாக இருக்கும், ஜிலேபி நிச்சயம் இருக்கும்.

படி 2: சாமான்கள்

ஒன்பதடி நீளம், 5 வெயிட் ராடு. வெயிட் என்பது அந்த ராடுக்குப் பொருந்தும் லைனின் கனத்தைச் சொல்லும் எண். நம் நன்னீருக்கு இது ஒன்றே போதும். பெரிய விரால், பெரிய கெண்டைக்கு மட்டுமே குறி வைப்பவர் 6 வெயிட் எடுக்கலாம். லைன் அதே எண்ணில், மிதக்கும் வகை, முன்பக்கம் கனம் கூடிய வடிவம். ரீலுக்கு அதிகம் செலவு செய்யாதீர்கள், இங்கே அது பெரும்பாலும் லைனைச் சுற்றி வைக்கும் டப்பாதான். உள்ளூர்த் தூண்டில் கடைகளில் ஃப்ளை சாமான் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். ராடு, ரீல், லைன் மூன்றும் சேர்ந்த தொகுப்பாக இணையத்தில் வாங்கிவிடலாம்.

அதுவும் வேண்டாம், முதலில் பிடிக்கிறதா என்று பார்க்கலாம் என்றால் ரீலே இல்லாமல் தொடங்கலாம். ஜப்பானில் டென்காரா என்று ஒரு முறை உண்டு: நீண்ட கோல், முனையில் நேரடியாகக் கட்டிய நரம்பு, அதன் நுனியில் ஃப்ளை. நம் மூங்கில் தூண்டிலும் ரீல் இல்லாத கோல்தான், முனையில் இருப்பதுதான் வேறு. பன்னிரண்டடி மடக்கு ராடு ஒன்று, கோலின் நீளத்துக்கே தடித்த நரம்பு, அதற்குக் கீழே மூன்றடி மெல்லிய நரம்பு, நுனியில் புழு ஃப்ளை. பத்துப் பதினைந்தடி அகலமுள்ள வாய்க்காலுக்கு ரீல் வைத்த ராடைவிட இதுதான் பொருத்தம் என்பேன். நரம்பைத் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடிக்கலாம், புழு இயல்பாகப் போகும்.

தொப்பியும் கண்ணாடியும் அலங்காரமல்ல. பின்னால் போய் முன்னால் வரும் முள் காதிலோ கண்ணிலோ ஏறலாம். போலராய்டு கண்ணாடி என்றால் தண்ணீருக்குள் மீன் அசைவதும் தெரியும்.

படி 3: புழு கட்டுவது

ஃப்ளை கட்டுவதிலேயே சுலபமானது இது. ஒரு சின்ன வைஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மேஜை ஓரத்தில் இறுக்கிய லாக்கிங் பிளையரும் முள்ளைப் பிடித்துக்கொள்ளும்.

பெரிய புழுவுக்கு 8 முதல் 12 வரை எண்ணுள்ள, முதுகு வளைந்த முள். எண் கூடக் கூட முள் சின்னதாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாக முள்ளின் எதிர்முள்ளைப் பிளையரால் அழுத்தித் தட்டையாக்குங்கள். மீனுக்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் நல்லது.

உடம்புக்கு மெல்லிய செனில் நூல், இரண்டு மில்லிமீட்டர் தடிமன். கைவினைக் கடையில் செனில் என்று கேட்டால் உள்ளே கம்பி வைத்ததைக் கொடுப்பார்கள், அது ஆகாது. கம்பியில்லாத செயற்கை இழை செனில்தான் வேண்டும். சந்தேகமாக இருந்தால் நுனியில் நெருப்பைக் காட்டிப் பாருங்கள். உருகிச் சுருண்டால் சரி, கரியாகிப் புகைந்தால் பருத்தி, நமக்கு வேண்டாம். நிறம் சிவப்பு, பழுப்பு, ரோஸ். நம் வயல் மண்புழுவுக்குப் பழுப்புதான் பொருந்தும். ஆனாலும் கலங்கலில் ரோஸும் சிவப்பும் எடுபடும். இரண்டையும் கட்டி வையுங்கள்.

1. முள்ளில் கண் (நரம்பு கட்டும் துளை) பக்கமிருந்து வளைவு வரை சிவப்பு நூலை நெருக்கமாகச் சுற்றி வாருங்கள். தையல் பாலியெஸ்டர் நூலே போதும்.

2. கனம் வேண்டுமென்றால் இப்போதே. முள்ளின் நடுப்பகுதியில் மெல்லிய ஈயக் கம்பியை ஆறேழு சுற்று சுற்றி மேலே நூலால் இறுக்குங்கள். அல்லது நூல் கட்டும் முன்பே ஒரு பித்தளை மணியை முள்ளில் கோத்துக்கொள்ளுங்கள், இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர். டங்ஸ்டன் மணி கிடைத்தால் அதே அளவில் இன்னும் கனம். மதகு ஓட்டத்துக்கு அதுதான். கனம் வைத்தது சில, வைக்காதது சில என்று கட்டி, பார்த்தவுடன் தெரிய நூலின் நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

3. ஆறு சென்டிமீட்டர் செனில் வெட்டி, பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் வெளியே தொங்க விட்டு, வளைவு தொடங்கும் இடத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள்.

4. நூலை முன்னே கொண்டுவாருங்கள். செனிலை முதுகின் மேல் படுக்க வைத்து, கண்ணுக்குச் சற்றுப் பின்னால் மீண்டும் கட்டுங்கள். முன்பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் தொங்கட்டும். அதற்கு மேல் நீளம் வைத்தால் மீன் வாலை மட்டும் கவ்விவிட்டுப் போகும். முள் அதன் வாய்க்குள் போகவே போகாது.

5. முடிச்சுப் போட்டு, நூலை அறுத்து, ஒரு சொட்டு நகப்பூச்சு. செனிலின் இரண்டு நுனியையும் லைட்டர் சுடருக்கு அருகில் கொண்டுபோங்கள், உள்ளே விடாதீர்கள். சூட்டிலேயே நுனி கூராகச் சுருங்கிவிடும். இதைச் செய்யாவிட்டால் ரெண்டாவது மீனிலேயே செனில் பிரிந்துவிடும்.

செனில் கிடைக்கவில்லை என்றால் கார் துடைக்கும் ஷாமி தோலில், நிஜத் தோலில், மூன்று மில்லிமீட்டர் அகலக் கீற்று வெட்டிக் கட்டலாம். தண்ணீரில் ஊறியதும் அது நெளிவது அழகு. சிவப்பு ரப்பர் பேண்டையும் அறுத்துக் கட்டலாம், ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் வெடித்துப்போகும். ஸ்க்விர்மி ரப்பர் வாங்குபவர்கள் மெல்லிய நூலால் இறுக்கிக் கட்டாதீர்கள், நூல் அதை அறுத்துவிடும். தட்டை நூலால் மிதமாகக் கட்டுங்கள், பசை போடாதீர்கள்.

சின்னப் புழு வேறு கணக்கு. 14 அல்லது 16 எண் முள். சிவப்பு நூலை நெருக்கமாக வளைவின் பாதி வரை சுற்றி, மேலே மெல்லிய செம்புக் கம்பியை இடைவெளி விட்டு ஐந்தாறு சுற்று. வாலுக்குக் கோழியின் அடிவயிற்று மென்சிறகில் நாலு இழை, சிவப்புச் சாயம் ஏற்றியது. இதுதான் சேற்றுப் புழு. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். வருஷத்தில் பாதி மாதங்கள் நான் பெட்டியில் முதலில் கை வைப்பது இதில்தான்.

படி 4: லீடரும் முடிச்சும்

தடித்த ஃப்ளை லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே படிப்படியாக மெலியும் நரம்புதான் லீடர். விலைக்குக் கிடைக்கும், சாதாரணத் தங்கூசியிலேயே நாமும் செய்துகொள்ளலாம். 0.40 மில்லிமீட்டர் நரம்பு நாலடி, அடுத்து 0.30 மூன்றடி, கடைசியில் 0.20 இரண்டரை அடி. சர்ஜன் முடிச்சால் இணையுங்கள்: இரண்டு நரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வளையம் போட்டு, நுனிகளை இரண்டு முறை உள்ளே விட்டு இழுப்பது. 0.20 என்பது ஏறக்குறைய ஃப்ளை கடையின் 3 எக்ஸ் டிப்பெட். டிப்பெட் என்பது லீடரின் மெல்லிய நுனி நரம்பு, எக்ஸ் எண் கூடக் கூட அது மெலியும். தெளிந்த தண்ணீரில் சின்னப் புழுவுக்கு 5 எக்ஸ், அதாவது 0.15 வரை போகலாம். விரால் இருக்கும் இடத்தில் அந்த மெல்லிசு வேண்டாம், அதற்குப் பல் உண்டு, பாசியும் உண்டு.

ஃப்ளையைக் கண்ணோடு இறுக்கிக் கட்டாமல் சின்ன வளையம் விடும் முடிச்சால் கட்டினால் புழு கொஞ்சம் ஆடும். எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்த நரம்பு இறுகும்போது சூடேறிப் பலம் குறையும்.

படி 5: வீசுவது

தண்ணீருக்குப் போகும் முன் மைதானத்தில் பழகுங்கள். முள்ளுக்குப் பதில் நுனியில் ஒரு துண்டு கம்பளி நூல். இருபத்தைந்தடி லைனை முன்னால் தரையில் நேராகப் போட்டு, ராடு நுனியைத் தரைக்கு அருகில் வையுங்கள். மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டி மேலே தூக்கி, தலைக்குச் சற்றுப் பின்னால் சட்டென்று நிறுத்துங்கள். லைன் பின்னால் நீண்டு விரியும் வரை பொறுங்கள். அதேபோல் முன்னே கொண்டுவந்து மறுபடி சட்டென்று நிறுத்துங்கள். வேகமல்ல, அந்த நிறுத்தம்தான் வீச்சு. பின்னால் விரியும் முன் முன்னே இழுத்தால் சாட்டை மாதிரி சொடுக்கும். அந்தச் சொடுக்கில் ஃப்ளை அறுந்து பறந்துவிடும்.

கனம் வைத்த புழுவுக்கு எல்லாவற்றையும் இன்னும் மெதுவாக, லைன் காற்றில் அகலமான வளையமாக விரியும்படி செய்யுங்கள். குறுகலான வளையத்தில் மணி வைத்த புழு வந்தால் உங்கள் பிடரியில்தான் இறங்கும்.

ஆனால் உண்மையில் நம் ஏரிக்கரையில் இந்த வீச்சுக்கு இடம் எங்கே இருக்கிறது? பின்னால் திரும்பினால் சீமைக்கருவேலம், இல்லையென்றால் பனைமரம், சில இடங்களில் மேலே மின்கம்பி. அதனால் ரோல் வீச்சைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள், இதற்கு லைன் பின்னால் போகவே வேண்டாம். லைனைத் தண்ணீர் மேலேயே மெதுவாக உங்களை நோக்கி இழுத்து, ராடு காதுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்துங்கள். லைன் தோளுக்குப் பின்னால் தொப்பையாகத் தொங்கும். ஒரு மூச்சு விட்டு, ராடை முன்னே வேகம் கூட்டித் தள்ளி உயரத்திலேயே நிறுத்துங்கள். லைன் தண்ணீர் மேல் உருண்டு விரியும். இதைத் தரையில் பழக முடியாது, நுனியைப் பிடித்துக்கொள்ளத் தண்ணீர் வேண்டும்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று ஏறும். கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கும் ஏரிக்கும் அது வந்துவிடும். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைதான் புதிதாகப் பழகுபவருக்கு நிம்மதி. வலது கைக்காரர் என்றால் காற்று இடப்பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள், முள் உடம்பை விட்டு விலகிப் போகும்.

படி 6: ஓடும் தண்ணீரில்

மதகு, வாய்க்கால், தடுப்பணைக்குக் கீழ். இங்கே புழுவுக்கு நீந்தத் தெரியாது என்பதை மறக்கக் கூடாது. தண்ணீர் எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில், தரையை ஒட்டிப் புரண்டு போக வேண்டும். குறுக்கே இழுபட்டால் மீன் தொடாது.

லீடரில் சின்னத் தக்கை ஒன்றைக் கட்டுங்கள். தக்கையிலிருந்து புழுவுக்கு உள்ள நீளம் தண்ணீர் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு. மூன்றடி ஆழம் என்றால் நாலரை அடி. ஓட்டத்துக்கு எதிராக, சற்றுக் குறுக்கே வீசுங்கள். லைன் நடுவில் வேகமான ஓட்டத்தில் மாட்டி வளைந்தால் ராடு நுனியால் அதை மட்டும் தூக்கி மேல்பக்கம் போடுங்கள். சரியாகப் போகிறதா என்று தெரிய, பக்கத்தில் போகும் நுரையைப் பாருங்கள். தக்கை நுரையோடு சேர்ந்து போனால் சரி, நுரையை முந்தினால் இழுபடுகிறது.

வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசிப் போகும் கோடு ஒன்று எல்லா மதகுக்குக் கீழும் தெரியும். மீன் மெதுவான பக்கம் நின்று வேகமான பக்கத்திலிருந்து வருவதை எடுக்கும். அந்தக் கோட்டின் மேல்தான் உங்கள் தக்கை போக வேண்டும். அங்கங்கே தக்கை லேசாகத் தயங்கினால் புழு தரையைத் தொடுகிறது என்று அர்த்தம். தயங்கவே இல்லையென்றால் கனம் பத்தவில்லை, மணி வைத்ததை மாற்றுங்கள். நிறத்தை மாற்றுவதற்கு முன் கனத்தை மாற்றிப் பாருங்கள்.

கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாராவது "இன்னா தம்பி, பூச்சியே கோக்காம சும்மா நூல போட்டா எடுக்குமா?" என்று கேட்பார். அவருக்கு ஒரு மீனைக் காட்டும் வரை பேச்சில் ஜெயிக்க முடியாது. ஆனால் எந்த மடுவில் மீன் நிற்கும் என்று அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: நிற்கும் தண்ணீரில்

இங்கே பொறுமைதான் வித்தை. சின்னப் புழு, கனம் இல்லாதது அல்லது மிகக் குறைந்தது, நீண்ட லீடர். வீசிவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். புழு தரையில் பட்டு பாசியைக் கொண்டுவந்தால் எத்தனை எண்ணினீர்கள் என்று நினைவு வைத்து, அடுத்த முறை இரண்டு குறைத்து இழுக்கத் தொடங்குங்கள். இப்போது புழு சேற்றுக்குச் சற்று மேலே இருக்கும்.

இழுப்பு என்றால் லைனை விரல்களுக்கு நடுவே எட்டுப் போடுவதுபோல் மடித்து மடித்து உள்ளங்கையில் சேர்ப்பது. ஒரு மடிப்புக்கு இரண்டு மூன்று அங்குலம். நடுநடுவே நிறுத்தி விடுங்கள். பல கடிகள் புழு இறங்கும்போதே வரும், அதனால் லைன் தண்ணீரைத் தொடும் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். அது அரை அங்குலம் நகர்ந்தாலும் மீன்தான்.

தரையிலிருந்து வரிசையாகக் குமிழி வந்து, தண்ணீர் கொஞ்சம் கலங்கினால் கெண்டை மேய்கிறது. அதன் தலைக்கு மேல் வீசாதீர்கள்; போகும் திசையில் மூன்று நாலடி முன்னால் போட்டு, இறங்க விட்டுக் காத்திருங்கள்.

எந்த மீன் எடுக்கும், எது எடுக்காது

ஜிலேபிதான் நம் வாத்தியார். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன், இன்று இல்லாத குட்டை இல்லை. ஆண் மீன் தரையில் குழி பறித்துக் காவல் இருக்கும் சமயத்தில் பசி இல்லாவிட்டாலும் புழுவை வாயில் எடுத்து வெளியே போடும். ஜிலேபியைத் திரும்ப விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாக்கெண்டை, மிர்கால் இரண்டும் தரையில் மேய்பவை. புழுவுக்கு ஏற்றவை. கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிர் தின்பது, ரோகு பெரும்பாலும் தாவரம் தின்பது. இவற்றை நம்பிப் புழு போடாதீர்கள், வந்தால் அதிர்ஷ்டம். பொடிக் கெண்டைகள் சின்னப் புழுவை விடாமல் எடுக்கும், பழகுபவருக்கு அது நல்ல பயிற்சி. குறவை பெரிய புழுவை எடுக்கும். விரால் தவளையும் மீன்குஞ்சும் விரும்புவது, ஆனால் பாசி ஓரமாகப் பெரிய புழுவைத் துள்ளித் துள்ளி இழுத்தால் சில நேரம் வரும். தண்ணீர் மேல் செந்நிறக் குஞ்சுகள் பந்து போல் திரண்டு நின்றால் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கின்றன. அந்த இடத்தில் தூண்டில் போடக் கூடாது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் தண்ணீரில் திரும்ப விடாதீர்கள். வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன் அது, மற்றதையெல்லாம் தின்றுவிடும்.

படி 8: கடி, இழுப்பு, கரை

கடி தெரிந்ததும் ராடை ஆகாயத்துக்குத் தூக்கிவிடத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். லைன் பிடித்திருக்கும் கையால் ஓரடி நேராக இழுங்கள். கனம் தெரிந்த பிறகு ராடைத் தூக்குங்கள். முள் ஏறாவிட்டாலும் புழு மீன் கண்ணெதிரிலேயே நிற்கும், இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். தக்கை டொக் டொக் என்று அடித்தால் அது பொடி மீன். ஒரே சீராக நகர்ந்தாலோ அமிழ்ந்தாலோ இழுங்கள்.

மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சூடேறிய தண்ணீரில் மீன் சீக்கிரம் களைத்துவிடும். விடப்போகிற மீன் என்றால் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். எதிர்முள் தட்டையாக இருந்தால் ஒரு திருப்பலில் வந்துவிடும். கெளுத்தியும் தேளியும் எப்போதாவது மாட்டும். பக்கமுள்ளில் விஷம் உண்டு, வெறும் கையால் பிடிக்காதீர்கள். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும். வீக்கம் ஏறினால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கரையில் கவனம்

புதுத்தண்ணீர் மீனைக் கொண்டுவரும், ஆபத்தையும் கொண்டுவரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டபோது தென்பெண்ணைக் கரை ஊர்கள் எப்படி மூழ்கின என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே அணை திறப்பு, எச்சரிக்கை என்று செய்தி வந்தால் ஆற்றுப் பக்கம் போகக் கூடாது. மதகுச் சுழலில் இறங்கி நிற்கவும் கூடாது, கரையிலிருந்தே வீசுங்கள்.

கிராஃபைட் ராடு மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டதும் ராடைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்குங்கள். மேலே கம்பி போகும் இடத்தில் ராடைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். புல் மண்டிய கரையில் கண்ணாடி விரியன் இருக்கும், கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள். காலில் புண் இருந்தால் மழைக்காலத் தேங்கு தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.

வீட்டுக்கு வந்ததும் லைனை ஈரத்துணியால் துடைத்துச் சேற்றை எடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை மிதக்காது. புழுக்களைக் காயவைத்துப் பெட்டியில் வையுங்கள். மூடிய பெட்டியில் ஈரம் தங்கினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் முள் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்க்விர்மிகளை மட்டும் தனி டப்பாவில் போடுங்கள். மற்ற ரப்பர், ஃபோம் ஃப்ளைகளோடு ஒட்டிக் கிடந்தால் வெயிலில் எல்லாம் சேர்ந்து உருகி ஒரே பிசினாகிவிடும்.